பூனைக்குத் தெரியும்தானே

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு ஒரு ஐஸ் பெட்டியைக் கண்டால் பயம் என்று சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவராவது ராத்தா வீட்டு விறாந்தையில், பட்டப்பகலில், அந்தப் பெட்டியோடு தனியே உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு கதைப்போம்.

பெட்டி மச்சானுடையது. மச்சான் என்றால் என் ராத்தாவின் மாப்பிள்ளை, அக்கா புருசன். புத்தளக் கரையில், ஆலங்குடாவில் சொந்தப் போட் வைத்துத் தொழில் செய்தவர். மீனோடு கரைக்கு வந்ததும் பெட்டி மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். கரையில் பூனைத் தொல்லை அப்படி. அவர் போடுகிற முடிச்சை வேறு யாரும் கையால் அவிழ்க்க முடியாது.

ஒரு நாள் அவர் கட்டிக்கொண்டிருக்கும்போது என் வாய் சும்மா இருக்காமல் அந்தக் கதையைச் சொன்னேன். ஐரோப்பாவில் ஒரு விஞ்ஞானி, கற்பனையில்தான், ஒரு பூனையைப் பெட்டிக்குள் அடைத்தார். உள்ளே ஓர் அணுவும் ஒரு நச்சுக்குப்பியும். அணு சிதைந்தால் குப்பி உடையும், பூனை சாகும். சிதையாவிட்டால் பிழைக்கும். கணக்கின்படி, திறந்து பார்க்கும்வரை பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது.

மச்சான் முடிச்சை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மனுசனுக்கு வேற வேல இல்லயா? சரி, நீங்க பாக்காட்டிக் கிடக்கட்டும். பூனைக்குத் தெரியும்தானே? அதுக்கிட்ட ஆராச்சும் கேட்டீங்களா?"

என் பட்டப்படிப்பெல்லாம் கரைமணலில் விழுந்தது. அன்றிலிருந்து கரை முழுக்க அந்தப் பகிடிதான். யாராவது கடன் கேட்டால் மச்சான், "பெட்டி திறக்கல்ல, காசு இருக்குது, இல்லாமலும் இருக்குது" என்பார். பிள்ளைகளின் பெயின்ட்டை எடுத்து மூடியில் ஒரு பூனையும் வரைந்தார். பூனையா அது! காது வைத்த பலாக்காய்.

கடலைக் குழப்புகிற கச்சான் காற்று எழும்பும் நாட்களில் ஒரு விடியற்காலை மச்சான் தனியாகக் கடலுக்குப் போனார். கூட்டாளிக்குக் காய்ச்சல். அன்று திரும்பவில்லை. எல்லாப் போட்டும் தேடிப் போயின, நேவியும் தேடியது. அவருடைய போட் மட்டும் கவிழ்ந்தபடி கிடைத்தது. ஆள் இல்லை, மையித்தும் இல்லை, உடலே கிடைக்கவில்லை.

பிறகொரு நாள் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் பெட்டி ஒதுங்கியது. பூனை வரைந்த மூடி. அதன் மேல் மச்சானின் முடிச்சு.

தூக்கி வந்தவர்கள் அதை ராத்தா வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கடலில் யாரும் மூடியைக் கட்டுவதில்லை. கை நீட்டினால் திறக்க வேண்டும். கட்டுவது கரையில்தான், பூனைக்காக. கரைக்கே வராத மனுசன் எப்போது கட்டினார்? மீன் பெட்டியில் மீன் வாடையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. 

ஒருவர் கத்தியை எடுத்தார். ராத்தா ஓடிவந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தரும் தொடப்படா. திறக்காத வரைக்கும் ரெண்டும்தானே தம்பி? நீதானே அவருக்குச் சொன்ன?"

"அது பகிடி ராத்தா! பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "மன்னார் வீட்டையும் இப்பிடித்தானே போய்ப் பாத்தோம்" என்றாள்.

 தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரை விட்டு விரட்டியபோது பூட்டிவிட்டு வந்த வீடு. புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் கிடந்த அத்தனை வருசமும் அந்த வீடு எங்களுக்கு இருந்தது. கூரையோடு, அலுமாரியோடு, வாப்பாவின் சாய்கதிரையோடு. சண்டை முடிந்து, பாதை திறந்து, சாவியையும் கொண்டு போனோம். கிணறு மட்டும் இருந்தது. பார்க்கப் போன அன்றைக்குத்தான் வீடு இல்லாமல் போனது என்று ராத்தா இன்றைக்கும் சொல்வாள்.

அதனால் பெட்டி விறாந்தை மூலையில் கட்டியபடியே கிடந்தது. பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத் இரண்டு தரம் வந்தார், காயிப் ஜனாஸா தொழுவோமா என்று கேட்டு. ஆள் இல்லாமலே தொழுகிற ஜனாஸா. தொழுதால் மச்சானின் மௌத்து, சாவு, உறுதியாகிவிடும்; ராத்தா வெள்ளை உடுத்துக் கைம்பெண்ணாக வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். "அவர் இருக்காரு" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லி அனுப்பினாள். சோறு பரிமாறும்போது அவருக்கும் ஒரு பீங்கான் வைத்தாள். கைம்பெண்ணும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை. என் கண்முன்னால் அவள் மெலிந்துகொண்டே போனாள். எனக்கு அந்தப் பெட்டியைக் கடலில் கொண்டுபோய் வீச வேண்டும் போல் வெறி வரும்.

ஒரு வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு ராத்தா போனில் கூப்பிட்டாள். 

"உள்ளுக்கு என்னமோ அசையிது தம்பி."

"எலியாயிருக்கும்."

"எலி எப்பிடிப் போகும்? வந்து கேளு."

போய்க் காது வைத்தேன். வெளியே காற்று விழுந்து கிடந்தது, தென்னோலைகூட ஆடவில்லை. பெட்டிக்குள் நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். நின்றது. பிறகு திரும்பவும், என் காதுக்கு நேரே. யா அல்லாஹ் என்று பின்னால் போய்க் கதிரையில் இடித்துக்கொண்டேன். நானா பௌதிகவியல் மாஸ்டர்!

ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு முன் குந்தி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை.

மூடி திறந்தது. எலி ஓடவில்லை, எறும்புகூட இல்லை. அடியில் ஒரு பொலித்தீன் சொப்பின் பேக், அதே முடிச்சோடு. அதையும் அவிழ்த்தாள். மச்சானின் போன். அடையாள அட்டை. வெள்ளி மோதிரம்.

அந்த மோதிரம் கழலாது. தொழுகைக்கு ஒழூச் செய்யும்போது விரலில் திருகித் திருகித் தண்ணீர் விடுவாரே தவிரக் கழற்ற முடியாது, சவர்க்காரம் போட்டால்தான் வரும். ராத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உட்புறத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. மீனின் வழுக்கும் வழும்பைத் தேய்த்துக் கழற்றியிருக்கிறார். கழற்றி, பையில் போட்டு, பெட்டிக்குள் வைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாக மூடியைக் கட்டியிருக்கிறார், கரைக்கு வந்த மாதிரி.

திரும்பி வருகிற மனுசன் ஏன் மோதிரத்தைத் தனியே அனுப்புகிறான்?

ராத்தா மோதிரத்தைத் தன் பெருவிரலில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

"பூனைக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி" என்றாள். "ஹஸ்ரத்துக்கிட்டப் போ. நாளைக்கு ஜும்ஆவுக்குப் புறகு தொழச் சொல்லு. வரக்குள்ள எனக்கு வெள்ளப் பிடவ ஒண்டு எடுத்துட்டு வா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பள்ளிவாசலில் ஹஸ்ரத் என்னை உற்றுப் பார்த்தார். "உறுதியா மாஸ்டர்? தகவல் ஏதும் வந்ததா?"

"ஓம்" என்றேன். "மச்சானே சொல்லி அனுப்பியிருக்கிறார்."