ஸ்டெல்லா படிப்பை விடல

ஸ்டெல்லா போயிட்டா. இன்னிக்குக் காலைல, ராயபுரத்துல, அவ மக வூட்டுல. மத்தியானம்தான் எனக்குப் போன் வந்துச்சு...

அழுது முடிச்சு, பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். ஒரு பெரிய மனுஷர் போட்டிருக்காரு: "இன்டர்மீடியட் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆன்மா சாந்தி அடையட்டும்."

யாருய்யா விட்டது?! எண்பத்தெட்டு வயசுல எனக்கு பிரஷர் ஏறக்கூடாதாம். ஏறட்டும்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஐம்பதுகள்ல பிளஸ் டூ கிடையாது. காலேஜ்ல ரெண்டு வருஷம் இன்டர்மீடியட். அதுல பயாலஜி எடுத்துப் பாஸ் பண்ணாத்தான் மெடிக்கலுக்கு மனுவே போட முடியும். எங்க ரெண்டு பேருக்கும் அந்த ஒரே ஆசைதான்.

கிளாஸ்ல பொண்ணுங்க நாங்க ரெண்டே பேரு. நான் திருவொற்றியூர் மளிகைக்கடைக்காரர் பொண்ணு, அவ கட்டுமரக்காரர் பொண்ணு. பொண்ணுங்கங்கறதால ஒரே மேஜை, அறுக்க ஒரே டிரே.

நான் கத்தியை வச்சா தவளை கந்தலாயிடும். "தள்ளு கமலா, நீ கத்திரிக்கா நறுக்கத்தான் லாயக்கு"ன்னு பிடுங்கிக்குவா. தவளையோட நரம்பு ஒண்ணுகூட அறுந்துபோகாம, நூல் பிரிக்கிற மாதிரி எடுத்து வைப்பா.

ஒரு நாள் தவளை கிடைக்கல. அட்டெண்டர் கடற்கரைக்குப் போய் சின்னச் சுறா வாங்கிட்டு வந்தாரு. ஸ்டெல்லா வயித்தைத் திறந்தா... உள்ள குட்டிங்க. விரல் நீளத்துக்கு, தொப்புள்கொடியோட. எட்டு. நானும் எண்ணினேன்.

"இன்னா முழிக்கிற? சுறா குட்டிதான் போடும். எங்க தெருவுல பொடிசுங்களுக்குக்கூடத் தெரியும்"னு சிரிச்சா. ரெக்கார்டு நோட்டுல அப்படியே வரைஞ்சா, எட்டையும்.

பிராக்டிகல் நடத்துன டெமான்ஸ்ட்ரேட்டர் அந்தப் படத்துக்குக் குறுக்கே சிவப்பு மசியால ஒரு கோடு இழுத்தாரு. "மீன் முட்டைதான் போடும். புக்கைப் பார்த்து வரை."

"டிரேல கீது சார், வந்து பாருங்க"ன்னா.

மனுஷன் மூக்கைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டு நின்னாரு. ரெண்டடி எடுத்து வச்சுப் பார்க்கல! "மீன்கூடை தூக்க வேண்டியவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"ன்னாரு. கிளாஸே சிரிச்சுது. இன்னிக்கு அஞ்சலி எழுதின பெரிய மனுஷரும் அங்கதான் உட்கார்ந்து சிரிச்சாரு.

அப்புறம் டெமான்ஸ்ட்ரேட்டர் என் பக்கம் திரும்பினாரு. "நீயும் அதே மேஜைதானே, நீ என்ன பார்த்தே?"

என் நோட்டுல புக் படம். அழகா, முட்டையோட. அவர் கையெழுத்தும் வாங்கியாச்சு.

"நான் சரியா கவனிக்கல சார்"னேன்.

சொன்னது இந்த வாய்தான்.

வெளில வந்து, புக்ல இருக்கிறதை வரைஞ்சு கொடுத்துத் தொலைடின்னு கெஞ்சினேன். "வயித்துல கீற குட்டிய இல்லன்னு எப்படி வரையறது? நாளைக்கு டாக்டரானா பொம்பளை வயித்தையும் புக்கைப் பார்த்துதான் சொல்லுவியா நீ?"

வரையல. ரெக்கார்டுல கையெழுத்து விழல. கையெழுத்து இல்லாதவளைப் பரீட்சைக்கு உள்ள விடல. அவ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா, நான் அவளைத் தாண்டி உள்ள போனேன். நான் டாக்டர் ஆனேன். அவ கடற்கரைல மீன் ஏலம் விட்டா.

இதுக்குப் பேரா பாதியில விட்டது? வெட்கமா இல்ல?

ரொம்ப வருஷம் கழிச்சு, மாசமா இருந்த மகளைக் கூட்டிக்கிட்டு என் கிளினிக்குக்கு வந்தா. நான் அந்தப் பொண்ணு வயித்துல கை வச்சதும் பக்கத்துல குனிஞ்சு கேட்டா, "இன்னா டாக்டரம்மா, முட்டையா குட்டியா?"

மகளுக்கு ஒண்ணும் புரியல. நான் அப்பவாவது மன்னிப்புக் கேட்டிருக்கணும்... கேட்கல. பேரப்புள்ளை பிறந்ததும் எனக்கும் ஒரு தூக்குல சுறாப்புட்டு கொண்டுவந்து வச்சுட்டுப் போனா.

நாளைக்குக் காலைல அடக்கம். நான் வீல்சேர்ல போறேன். அன்னிக்குச் சிரிச்சவங்களும் வாங்க.

எட்டு குட்டி இருந்துச்சு ஸ்டெல்லா. நான் பார்த்தேன்.

போயிட்டு வாடி.