பாஸ்வேர்டு யாருடையது? – பெரம்பலூர், அரியலூர் வழியாக ஒரு எஞ்சின் கம்ப்யூட்டருடன்

பதினோரு வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வருடம் அதற்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் டர்போ மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பித்தது. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்வது காரில் உள்ள சிறு கம்ப்யூட்டர். கம்பெனிக்காரன் வைத்த கம்ப்யூட்டருக்கு டர்போவைப் பற்றி எதுவும் தெரியாது. அதை ஏமாற்றி வேலை வாங்கும் குட்டிப் பெட்டி ஒன்றை இடையில் மாட்டலாம். இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, நம் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் மாற்றக்கூடிய வேறு கம்ப்யூட்டரையே வைக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். திருச்சியில் ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். பெரம்பலூரில் கடை வைத்திருக்கும் குமார் என்பவர் "நாளைக்கே வாங்க" என்றார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காலை 6.10க்குத் திருச்சியில் புறப்பட்டு 7.25க்குப் பெரம்பலூர். சரியாக 61 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லி, வடை, காபி 90 ரூபாய். குமாரின் கடை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். சுத்தமான கடை. அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கிரீஸ் கறை இல்லாத மெக்கானிக் கடையை நான் பார்த்ததில்லை.

"புதுசு சார், நேத்துதான் வந்துச்சு," என்று கம்ப்யூட்டரை எடுத்துக் காட்டினார். அட்டைப்பெட்டி இல்லை. கேட்டதற்கு, கூரியரில் நசுங்கிவிட்டதாகச் சொன்னார். மாட்டும் கூலியோடு சேர்த்து 62,000 ரூபாய். பணத்தை அனுப்பும்போதே மனம் ஒப்பவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற எண்ணம் இருக்கிறதே, அது பொல்லாதது.

பழைய கம்ப்யூட்டர் இருந்த அதே சாக்கெட்டில் பொருந்தும்படி ஒரு வயர் கட்டு வைத்திருந்தார். அதனால் எதையும் வெட்டவில்லை. வேலை 11 மணிக்கு முடிந்தது. பெட்ரோல், பொறிக் கணக்கெல்லாம் அடங்கிய செட்டிங்கை, அதாவது மேப்பை, லேப்டாப்பில் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அதுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கேன் சார். நம்ம உழைப்ப ஈஸியா காப்பி அடிச்சிடுறானுங்க."

"என் வண்டிக்குப் போட்டத நான் பார்க்கக் கூடாதா?"

"வண்டி உங்களுது. மேப் என்னுது. ஓட்டிப் பாருங்க, நீங்களே போன் பண்ணுவீங்க. அந்தப் பழசு உங்களுக்கு எதுக்கு, இங்கயே விட்டுட்டுப் போங்களேன்."

பழையதை விடவில்லை. துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அங்கிருந்து திருச்சிக்குத் திரும்பாமல் அரியலூர் பக்கம் வண்டியை விட்டேன். கார் ட்யூனிங் செய்யும் பர்வீன் என்ற பெண் அங்கே இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். இன்னொருவரிடமும் காட்டிவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். 32 கிலோமீட்டர்தான். வழியெங்கும் சிமெண்ட் லாரிகள், சாலையோரச் செடிகளில் வெள்ளைத் தூசி. பாதி வழியில் ஒரு லாரியை முந்த அழுத்தியபோது வண்டி ஒரு நொடி திணறியது. எஞ்சினுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். காலை எடுத்தேன். அடுத்த லாரியை முந்தினேன். அதே சத்தம். பிறகு அரியலூர் வரை லாரிகளின் பின்னாலேயே போனேன்.

பர்வீனுக்கு முப்பது வயதிருக்கும். வீட்டை ஒட்டிய ஷெட்டில் வேலை. நான் குமாரின் பெயரைச் சொல்லவில்லை. இவரும் எதையாவது விற்கத்தான் பார்ப்பார் என்ற சந்தேகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். லேப்டாப்பை இணைத்ததும் திரை பாஸ்வேர்டு கேட்டது. பர்வீன் கீழே தெரிந்த சீரியல் நம்பரைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு எதையோ டைப் செய்தார். திரை திறந்துவிட்டது.

"இத எங்க வாங்குனீங்க?"

"ஏன்?"

"இந்தப் பாஸ்வேர்டு என்னுது அண்ணே. மேப்பும் நான் போட்டது. மீன்சுருட்டியில ஒருத்தரோட வெள்ளைக் காருக்கு."

உடனே தோன்றியது இதுதான்: இருவரும் கூட்டு. ஒருவர் விற்பது, இன்னொருவர் கண்டுபிடிப்பது போல நடித்து மறுபடி பணம் பிடுங்குவது. அதை என் முகத்தில் படித்திருக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தாமல் திரையை என் பக்கம் திருப்பினார்.

"அந்த வண்டியில பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் பெருசு. உங்களுது சின்னது. அந்தக் கணக்கு இதுல ஓடுனா, அழுத்தும்போது பெட்ரோல் பத்தாது. ரெண்டு எடத்துல எஞ்சின் ஆணி குலுக்குன மாதிரி அடிச்சிருக்கு, இதுலயே பதிவாயிருக்கு பாருங்க. லாரிய முந்துனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"இன்னும் நாலு லாரிய முந்தியிருந்தா பிஸ்டன் உருகியிருக்கும்."

மூன்று மாதம் முன்பு, தான் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அந்த வெள்ளைக் கார் நின்றுபோய், பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். கம்ப்யூட்டரைக் கழற்றி, என் பழையதை மாட்டிக் கொடுத்தார். கழற்றியதை அவர் வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். என் கையில் கொடுத்தார்.

"என்னைய நம்ப வேணாம். மீன்சுருட்டி அட்ரஸ் தர்றேன், நேரா போயி அந்த வெள்ளைக் காருக்காரருகிட்டயே கேளுங்க. பழசு மாட்டியிருக்கு, 2500 ஆர்பிஎம் தாண்டாம ஓட்டுங்க." 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக மீன்சுருட்டி, என் மீட்டரில் 51 கிலோமீட்டர். வழியில் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டினேன். நேராகத் திருச்சிக்குத் திருப்பிவிடலாம். வேறு யாரிடமாவது புது மேப் போட்டுக்கொண்டால் இந்தக் கம்ப்யூட்டர் என் காரில் நன்றாகவே ஓடும். பணம் கொடுத்தவன் நான்தானே. இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். மணி 3.40.

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் இளங்கோவன், நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுபவர். வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வெள்ளைக் கார் நின்றது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"உங்கள யாரு அனுப்புனது?"

"யாரும் இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"கம்ப்யூட்டர் பொகஞ்சிடுச்சி, சென்னைக்கு அனுப்பியிருக்கேன்னுல்ல அந்தப் பெரம்பலூர் கடைக்காரன் சொன்னான்? அது எப்படி உங்க கைக்கு வந்துச்சி?" என் கார் நம்பரையும் என்னையும் போனில் படம் எடுத்தார். எடுக்கட்டும் என்று நின்றேன். காலையிலிருந்து நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வையில் என்னை ஒருவர் பார்ப்பது நன்றாக இல்லை.

உள்ளே போய்ப் பழைய பில்லைக் கொண்டுவந்தார். அதிலிருந்த சீரியல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக நான் படிக்க, அவர் கம்ப்யூட்டரின் அடியில் சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. தார்ப்பாயை இழுத்துவிட்டு மாட்டினோம். தன் அறுவடை மெஷினின் பேட்டரியைக் கழற்றிவந்து இணைத்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பர்வீனுக்குப் போன் போட்டேன்.

"பெட்ரோல் பம்ப்புக்கு கரண்ட் விடுற ரிலே போயிருக்கும். ஹார்ன் ரிலேயும் அதே மாதிரிதான். மாத்திப் போட்டுப் பாருங்க."

மாற்றினோம். இரண்டாவது திருப்பலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆக, கம்ப்யூட்டர் ஒருநாளும் புகையவே இல்லை. இளங்கோவன் இன்னும் இரண்டு முறை அணைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். பிறகு இறங்கி, "சாப்புட்டீங்களா சார்?" என்று கேட்டார். நான் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

இரவு ஜெயங்கொண்டத்தில் 700 ரூபாய்க்கு அறை. சனிக்கிழமை காலை இளங்கோவனும் என்னோடு பெரம்பலூர் வந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் குமார் எழுந்து நின்றார். "பார்சல் மாறிப்போச்சு சார்" என்றார். எந்தப் பார்சல் என்று இளங்கோவன் கேட்டார். பேச்சு ஒரு மணி நேரம் நீடித்தது. கடைசியில் 55,000 திரும்பி வந்தது. மீதியை மாட்டிய கூலி என்று பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போலீசுக்குப் போவதா என்பதை இளங்கோவன் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பொருள், அவர் முடிவு.

இந்த வேலையாக யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால்: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அரியலூர் சாலையில் லாரி அதிகம். கம்ப்யூட்டரைக் கையில் வாங்கியதும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து, பில்லில் அதே நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் இன்ஜெக்டர் என்ன அளவு என்று கேட்காமல் மேப் போடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். குமார் அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. திரையைக் காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி. பழைய கம்ப்யூட்டரை யாரிடமும் விட்டுவராதீர்கள்.

பர்வீனைச் சந்தேகப்பட்டதற்கு போனில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அடுத்த மாதம் ஒரு நாள் முழுக்க ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார். இந்த முறை கம்ப்யூட்டரை நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

"வாங்கிட்டு வாங்கண்ணே. ஆனா பெட்டியப் பிரிக்காம கொண்டாங்க," என்றார். "அது எங்கேர்ந்து வருதுன்னு நானும் பாக்கணும்ல."