பேரத்தில் தோற்காதவர்

ஏமாற்றப்பட்டதை அறிந்து களித்த ஒருவரைக் கண்டேன். அவ்வியப்பு என்னோடு மறையலாகாதென்றே இதை எழுதுகிறேன்.

தாம்பரத்து வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் அவரைச் சந்தித்தேன். முறுக்கிய மீசை, கொய்யாவுக்கும் பேரம் பேசும் சரக்குந்து உரிமையாளர். முன்பு மூன்று விற்பனையகங்களில் மன்றாடியும் வண்டி விலை குறையவில்லையாம். "பேசத் தெரியாதவர்" என்று மனைவி அன்றுமுதல் ஏசினாராம். உற்பத்தியாளர்கள் கமுக்கமாகக் கூடி ஒரே விலை வைத்திருந்தமை இப்போது நீதிமன்றத் தீர்ப்பில் உறுதியாகிவிட்டது.

"இழப்பீடு கிடைக்குமா?" என்றேன்.

"வாங்காம வுடமாட்டேன் சார்! ஆனா நான் தோக்கல பாருங்க, அவனுங்க கூடிப் பேசி வச்சிக்கினானுங்க! இத்த மொதல்ல வூட்ல சொல்லணும்!"

வாயிலில் கொய்யா விற்கும் அம்மையாரிடம் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு விரைந்தார்.

"இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா?" என்று கூவினார் அந்த அம்மையார்.

அவர் மனைவி என்ன சொன்னாரென்று இன்றும் அறியேன். தீர்ப்பைக் குறித்து நான் பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் திருத்துக.