குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே களி

ராகிக் களியைக் கொண்டு மோட்டார் காரை அளக்கலாம் என்பது எனக்கு ஏழு வயதில் தெரிந்தது. அந்த அளவை ஒரு விரலால் மாற்றிவிடலாம் என்பதும் அதே வயதில் தெரிந்தது. முதலாவதை மாமா கற்றுக்கொடுத்தார். இரண்டாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மாமா என் அம்மாவின் தம்பி. யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, வேலையில்லாமல், ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன காரை மாடுகள் இழுத்துவர, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார்.

அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "உன் தம்பி மாட்டுவண்டி வாங்கியாந்திருக்கான், வந்து பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பு இரும்பு விரிசல் விட்டிருந்தது. அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. பந்தயக் கார்களில் எஞ்சினின் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிக் குழாய் வைப்பதை மாமா பெங்களூரில் பார்த்திருந்தார். அதைப்போலவே செய்துவிடுவது என்று இறங்கினார். ஓசூரில் ஒரு பட்டறையில் குழாய்களுக்குள் மணலை அடைத்து, காய்ச்சி, வளைத்து, பற்றவைத்துக் கொண்டுவந்தார். நான்கு குழாய்கள் நான்கு இடத்தில் புறப்பட்டு, ஒன்றையொன்று தொடாமல் வளைந்து இறங்கி, அடியில் ஒரே குழாயாகச் சேர்ந்தன. இரும்பு இப்படியெல்லாம் வளையும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எஞ்சின் முதல் தடவை உறுமியபோது தொழுவத்து மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. அப்பா அவற்றின் பின்னால் ஓடினார். நான் அசையவில்லை. அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது.

கார் ஓடியது. வலப்பக்கம் நன்றாகத் திரும்பியது. இடப்பக்கம் முழுதாக ஒடித்தால் மட்டும் அடியில் 'ணங்' என்றது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அடியில் ஒரு இரும்புக் கை ஆடி, ஒரு நீளக் கம்பியைத் தள்ளும். கம்பி சக்கரத்தைத் திருப்பும். மாமாவின் புதுக் குழாய் அந்தக் கம்பியின் வழியில் நின்றது.

"கம்பியக் காய்ச்சி வளைச்சா ஆச்சு. இதுக்கு இவ்ளோ யோசனையா?" என்றார் அப்பா.

"குழாய என்ன வேணா பண்ணலாம் மாமா. ஸ்டேரிங் கம்பியில மட்டும் கை வெக்கக் கூடாது. அது ஒடிஞ்சா உசுரு போயிடும்" என்றார் என் மாமா. அப்பா அவருக்கு மாமா முறை.

"அப்ப குழாய நசுக்கு."

மாமா சுத்தியலைத் தேடப் போனார்.

ஓசூர் மலைக்கோயில் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கெடு வைத்துவிட்டார். தேரன்று குடும்பம் அந்தக் காரில் போக வேண்டும். இல்லாவிட்டால் கார் பழைய இரும்புக்கு, மாமா பெங்களூர் பஸ்ஸுக்கு. மாமா போய்விட்டால் வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் கவலை.

குழாய்களைக் கழற்றி, கம்பி இடிக்கும் இடத்தைக் காய்ச்சி, லேசாகத் தட்டிப் பள்ளமாக்கி, மறுபடி மாட்டினார். பிறகு அம்மாவிடம் ஒரு உருண்டை களி கேட்டார்.

"திங்கவா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்தான்க்கா. ஸ்வல்ப பெருசா குடு."

களியைப் பிசைந்து குழாயின்மேல் அப்பினார். நான் காரின் அடியில் படுத்துப் பார்க்க, அவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். கம்பி மெதுவாக வந்து களியில் அழுந்தி, ஒரு பள்ளம் விட்டுத் திரும்பிப் போனது. பள்ளத்தின் அடியில் மிஞ்சிய களியின் கனம்தான் குழாய்க்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி. மாமா மேலிருந்து கையை நீட்டி, ஒரு ஈர்க்குச்சியைப் பள்ளத்தில் குத்திக் கனம் பார்ப்பார். கண் போகாத இடத்தைக் காலையில் நாங்கள் தின்ற களி அளந்து சொல்லியது.

"உன் சுண்டுவிரல் கனம் இருக்கணும் மாப்ளே. சூடு ஏறுனா குழாய் நீளும். முடுக்குனா எஞ்சின் ஒரு பக்கமா சாயும். இப்ப தொடலைன்னா பத்தாது, அப்பவும் தொடக்கூடாது."

அன்று போதவில்லை. மறுபடி கழற்றினார், தட்டினார், மாட்டினார். தேரன்று காலையில் களியை அப்பிக் கடைசியாக ஒருமுறை பார்த்தோம். கம்பி திரும்பிப் போனதும் நான் பள்ளத்தைப் பார்த்தேன். அப்பளத்தின் கனம்தான் இருந்தது. இன்னொரு முறை கழற்றினால் பொழுது சாய்ந்துவிடும்.

வெளியே அப்பா, "மச்சான், பெட்டியக் கட்டிக்கோ, பஸ் வர நேரம்" என்று சிரித்தார். அம்மா பட்டுப்புடவையில், இடுப்பில் என் கைக்குழந்தைத் தம்பியோடு நின்றார்.

மாமா ஈர்க்குச்சியோடு சுற்றி வருவதற்குள், நான் ஓரத்துக் களியைக் கட்டைவிரலால் தள்ளிப் பள்ளத்தை நிரப்பினேன். அவர் குத்திப் பார்த்தார். குச்சியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே இழுத்துத் தூக்கிச் சுற்றினார். "களிய வழிச்சுடு மாப்ளே, கெளம்பலாம்" என்றார். அதற்குள் அப்பா காருக்குள் உட்கார்ந்து ஹாரனை அமுக்க ஆரம்பித்திருந்தார். நான் களியை வழிக்காமலே ஏறிவிட்டேன்.

அந்தப் பயணம் போல் ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. ராகிக் காட்டில் குனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அப்பாகூட மீசையைத் தடவிக்கொண்டார்.

பாதை ஓர் ஏரிக்கரைமேல் ஏறி, ஏறியதும் இடப்பக்கம் சட்டென்று ஒடியும். நேரே போனால் தண்ணீர். மாமா ஏற்றத்துக்கு முடுக்கினார், திருப்பினார். ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. அம்மா அலறினார். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். மாமா அதைச் செய்யவில்லை. பிரேக்கை மிதித்தபடி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். எஞ்சின் அடங்கியது, சாய்ந்திருந்தது தன் இடத்தில் உட்கார்ந்தது, கம்பி விடுபட்டது. ஸ்டியரிங் சுலபமாகத் திரும்பி, முன்சக்கரம் கரையின் விளிம்பில் மண்ணைச் சரித்துவிட்டு நின்றது.

பிறகு அப்பா இறங்கினார்.

"ஏன்டா, இது காரா எருமையா? தண்ணியக் கண்டா எறங்கப் பாக்குது! களி வெச்சுப் பாத்தியே, களி என்னடா சொல்லிச்சு?"

மாமா எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்திருந்தார். "களி சரியாத்தான் சொல்லிச்சு மாமா. அவசரத்துல நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்றார்.

நாங்கள் தேருக்கு நடந்தே போனோம். மாமா எங்களோடு வரவில்லை. பெங்களூர் பஸ் ஏறிப் போனவர் எங்கள் வீட்டில் மறுபடி தங்கவே இல்லை. "என் தம்பிக்குக் கை இருந்துச்சு, கவனம் இல்ல" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். அம்மா இருந்தவரை, அது அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. இப்போது இருவருமே இல்லை.

அன்று ஏரிக்கரையில் நானும் மாமாவின் பக்கத்தில் போய் எட்டிப்பார்த்தேன். களி சூட்டில் வெந்து செங்கல்லாகக் குழாயோடு ஒட்டியிருந்தது. நடுவில் கம்பி அழுத்திய பள்ளம். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குழி. மாமா தன் கட்டைவிரலை அந்தக் குழிக்கு நேராகக் கொண்டுபோனார். அவர் விரல் அதைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா பின்னால் நடந்து வரும் சத்தம் கேட்டது. மாமா திருப்புளியால் களியை அவசரமாகப் பெயர்த்து, அழுக்குத் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் யாரும் களியை வீணாக்கமாட்டார்கள். இவ்வளவு கருகிப்போனதை எப்படித்தான் தின்னப்போகிறாரோ என்று, தேர்முட்டி வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.