எபனேசரின் சம்மதக் கடிதம்

எபனேசருக்கு ஐம்பத்தொரு வயது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில் குடிநீர் வால்வு திறக்கிறார். எந்த நகராட்சி என்று எழுத வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

ஆற்று மணலில் உறைகிணறு. அங்கிருந்து தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, தெருக்களுக்கு இறங்குகிறது. எந்தத் தெருவுக்கு எப்போது இறங்க வேண்டும் என்பதைத் தெருமுனையில், சாலைக்குக் கீழே, இரும்பு மூடிக்குள் இருக்கும் வால்வுகள் தீர்மானிக்கின்றன. எபனேசரின் பொறுப்பில் இருபத்திரண்டு வால்வுகள். இடுப்புயர இரும்புச் சாவியைச் செருகிச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பழைய குழாய் எங்காவது உடையும். உடைந்தால் இரண்டு நாளைக்கு ஏச்சு வாங்க வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் தினக்கூலியாகச் சேர்ந்தவர். பதினொரு வருடம் கழித்து, நகராட்சி ஊழியர் சங்கம் நடத்திய பேச்சுவார்த்தையில்தான் நிரந்தரமானார். அந்த நன்றிக்காகச் சந்தா தவறாமல் கட்டுவார். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் எழுந்து பேசி யாரும் கேட்டதில்லை. கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். தம் சர்ச் சபைக் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பல வருடமாக அவர்தான் எழுதுகிறார்.

அவருடைய பகுதியில் பள்ளிவாசலைச் சுற்றி மூன்று தெருக்கள் உண்டு. வழக்கமான வேலை நேரம் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. நோன்பு மாதத்தில் இந்த நேரம் அந்தத் தெருக்களுக்கு உதவாது. அதிகாலையில் சஹர் உணவு சமைக்கவும் மாலையில் கஞ்சி காய்ச்சவும்தான் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். பதிமூன்று வருடங்களுக்கு முன் ஜுபைதா பீவி என்ற பெண்மணி சைக்கிளை மறித்து இதைக் கேட்டார். அன்றிலிருந்து நோன்பு மாதம் முழுக்க எபனேசர் விடியுமுன் மூன்றரைக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்றரைக்கு ஒரு தடவை வந்து திறந்துவிட்டார். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. சாவியைச் சுமந்து அலைய வேண்டாமென்று அந்த ஒரு மாதம் இன்னொரு சாவியை ஜுபைதா பீவி தம் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். தெருவோடு சேர்ந்து எபனேசரும் அவரை அக்கா என்ற பொருளில் 'ராத்தா' என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் பம்ப் ஊழியர் ஒருவர் வேலை நேரத்துக்கு வெளியே, இருட்டில் வரும்போது லாரியில் அடிபட்டார். பணியில் இல்லை என்று சொல்லி நஷ்டஈடு மறுக்கப்பட்டது. அப்போது இருந்த பொறியாளர் நல்ல மனிதர். எபனேசரைக் கூப்பிட்டு, "நீ இருட்டோட போறது எனக்கு பயமா இருக்கு. ஒரு லெட்டர் எழுதிக் குடு, டூட்டின்னு போட்டுருதேன். நோம்புன்னு மட்டும் எழுதாத, ஆடிட்ல மதம் அது இதுன்னு கேள்வி கேப்பாவ" என்றார்.

எபனேசர் இப்படி எழுதிக் கொடுத்தார்: 'பொதுமக்கள் நலன் கருதி, காலை, மாலை என இரு பகுதிகளாகப் பணிபுரிய முழுமனதுடன் சம்மதிக்கிறேன். இதற்கெனக் கூடுதல் ஊதியமோ விடுப்போ கோரமாட்டேன்.' எந்த மாதம் என்று அதில் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தார். பொறியாளர் அடுத்த வருடம் ஓய்வுபெற்றார். கடிதம் கோப்பில் தங்கிவிட்டது.

இந்த ஜனவரியில் புதிய உத்தரவு வந்தது. வால்வு திறக்கும் பத்தொன்பது பேரும் இனிமேல் காலை ஐந்து முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் எட்டு வரையும் வேலை பார்க்க வேண்டும். நடுவில் உள்ள ஏழு மணி நேரம் கணக்கில் வராது. பத்தொன்பதில் ஏழு பேர் நிரந்தரம், பன்னிரண்டு பேர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் மதியத்துக்கு மேல் ஆட்டோ ஓட்டியோ கொத்தனாருக்குக் கையாளாகப் போயோதான் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். சங்கம் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. பணி நேரத்தை முடிவு செய்வது நிர்வாகத்தின் அதிகாரம், அது பேரத்துக்குரிய பொருள் அல்ல என்று பதில் வந்தது.

டீக்கடையிலும் இதுவே பேச்சாக இருந்தது. இரும்புக்கடை சுவிசேஷமுத்து எபனேசரின் சபைக்காரர்தான். ஆனால் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"என்ன வே எபனேசரு, ஸ்டிரைக்காமே? மில்லுக்காரன் ஸ்டிரைக் பண்ணுனா மொதலாளிக்கு நட்டம். நீரு பண்ணுனா எனக்குல்லா குடிக்கத் தண்ணி கெடையாது! நான் ஓட்டுப் போட்டு ஆள அனுப்பியிருக்கேன். அவன் சொன்ன நேரத்துக்கு வேல பாக்கதுதான ஒம்ம சோலி? பேரம் பேச இதென்ன மீன் சந்தையா?"

"அண்ணாச்சி, ஒங்க கடையில நாலு பேரு நிக்காவ. பகல்ல ஏழு மணி நேரம் வெளிய போயிட்டுப் பெறவு வாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லுவேன். பிடிக்கலன்னா போவான். நீரு போவீரா? மாட்டீரு. அரசாங்கச் சோறு ருசி கண்டுட்டுல்லா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எபனேசரும் சிரித்தார். சுவிசேஷமுத்து சொன்னதில் பாதி உண்மை என்று அவருக்குத் தோன்றியதை என்னிடம் மறைக்கவில்லை. தண்ணீரை நிறுத்தும் போராட்டத்தில் அவருக்கு இஷ்டமே இல்லை. அதனால்தான் பேச்சுவார்த்தையாவது நடக்கட்டும் என்று நினைத்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் திருநெல்வேலியில் தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு. சங்கச் செயலாளர் ஞானம்பாள் துப்புரவுப் பிரிவில் மேஸ்திரி. குறிப்பெடுப்பதற்காக எபனேசரையும் கூட்டிப் போனார். பேச்சு தொடங்கிக் கால் மணி நேரத்தில் நிர்வாகத்தின் தரப்பில் வந்தவர் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். இது புதிய நடைமுறை அல்ல, ஊழியர்களே விரும்பிச் செய்து வருவதுதான் என்றார். தொழிலாளர் அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார். 'முழுமனதுடன்' என்ற இடம் வரும்போது எபனேசரின் பேனா நின்றுவிட்டது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

வாய்தா பதினாறாம் தேதிக்குத் தள்ளிப் போனது. பேச்சு முடியும்வரை பழைய வேலை நேரமே நீடிக்கட்டும் என்றார் அதிகாரி. மாடிப்படியில் ஞானம்பாள் அவரை நிறுத்தினார்.

"அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நோம்புக்காவதான் எழுதுனேன், ஞானம்பா."

"நோம்புன்னு அதுல எங்க இருக்கு? நானும் கண்ண வெளக்கிட்டுப் படிக்கேன். ஆடு மேய்க்க விடுதவன்கூட எத்தன நாளைக்குன்னு பேசிட்டுத்தான் விடுவான். நீங்க பத்தொம்பது பேரையும் காலமெல்லாத்துக்கும் எழுதிக் குடுத்துட்டிய."

"இன்ஜினியருதான் போடாதன்னாரு."

"அவரு போயிட்டாரு. காயிதம் போகலயே."

கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் ஞானம்பாள். எபனேசருக்கும் அது புரிந்தது. ஆனால் திரும்பப் பெற்றால் ஆறு மணிக்கு முன் வால்வைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. நோன்பு தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை.

வீட்டில் மனைவி எப்சியிடம் சொன்னார். எப்சி சத்துணவு அமைப்பாளர்.

"எங்களுக்கு முப்பது வருசமா மனு மட்டுந்தான். உக்காந்து பேச ஒரு மேசை கெடையாது. ஒங்களுக்கு மேசை இருக்கு, அதுலயும் நீங்களே ஓட்டை போட்டு வச்சிருக்கிய."

"ஒரு நல்லதுக்குத்தானட்டீ செஞ்சேன்."

"நல்லதுதான். நீங்க ஒத்த ஆளா தாராளம் காட்டுனதுக்கு அந்தப் பன்னெண்டு பேரும் மத்தியான வேலைய விட்டுட்டு மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கணுமாக்கும்?"

"அப்பம் நோம்பு?"

"அத அந்தத் தெருவுல போயிச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி அழாதிய."

மறுநாள் பிற்பகல் போய்ச் சொன்னார். ஜுபைதா பீவி பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை கத்தரி நிற்கவில்லை.

"பதிமூணு வருசம். ஒரு நாளு நான் ஆபீசுல போயி நின்னிருக்கனா? ஒன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன், நீ வந்த. இப்பம் ஒங்க சண்டைக்கு எங்க தண்ணியா கெடச்சிச்சு?"

"நான் எழுதுனது தப்பு ராத்தா. அத வச்சு எல்லாரையும் மடக்குதாவ."

"சங்கத்துச் சோலிய சங்கத்துல பேசு. எங்க நோம்ப எதுக்குக் கொண்டு போயி தராசுல வைக்க?"

"அங்கதான் வைக்கணும்னு இருக்கேன். நோம்பு நேரத்தயும் ஒப்பந்தத்துல எழுதுங்கன்னு கேக்கப் போறோம்."

"குடுக்கலன்னா?"

எபனேசர் சுற்றி வளைக்கவில்லை. "குடுக்கலன்னா இந்த வருசம் ஆறு மணிக்குத்தான் தண்ணி."

ஜுபைதா பீவி உள்ளே போனார். இந்த வருடத்துக்கென்று எபனேசர் முந்தின வாரமே கொண்டுவந்து வைத்திருந்த இரும்புச் சாவியை இழுத்து வந்து வாசற்படியில் போட்டார். "எடுத்துட்டுப் போ" என்றார்.

சங்கக் கமிட்டியிலும் அவருக்கு வரவேற்பு இல்லை. இருபத்தாறு வயது கிங்ஸ்லி ஒப்பந்த ஊழியர். "அண்ணே, ரெண்டு துண்டு வேலையே வேண்டாங்கோம். நோம்புக்கு மட்டும் வேணும்னு நாமளே கேட்டா சிரிக்க மாட்டானா?" என்றார். எபனேசர் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஏழு கோரிக்கையில் ஏழாவதாக அதைச் சேர்க்காவிட்டால் தாம் கடிதத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். ஞானம்பாள்தான் வழி சொன்னார். அம்மன் கோயில் கொடை விழாவுக்கு அவருடைய ஆட்கள் மூன்று நாள் நேரம் காலமில்லாமல் தெருக் கூட்டுகிறார்கள். ஊருக்கே சோறு போடும் சர்ச் அசனப் பண்டிகைக்கு லாரித் தண்ணீர் போகிறது. எல்லாம் வாய்ச்சொல்லில் நடப்பவைதான். மூன்றையும் ஒன்றாகக் கேட்போம் என்றார்.

பதினாறாம் தேதி எபனேசர் புதிய கடிதம் கொடுத்தார். பழைய சம்மதம் நோன்பு மாதத்துக்கு மட்டுமே தரப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் இருந்தது. நிர்வாகத்தின் தரப்பு எதிர்பார்த்தபடியே மதத்தைப் பற்றிப் பேசியது.

"கொடைக்குக் கூட்டச் சொல்லும்போது எந்த மதம்னு கேட்டியளா சார்?" என்றார் ஞானம்பாள். "அசனத்துக்கு லாரி அனுப்பும்போது? இத்தன வருசம் வாயில சொல்லி நடந்தத தாள்ல எழுதுங்கன்னுதான் கேக்கோம்."

யோசித்துச் சொல்வதாக அவர்கள் இருபத்தைந்து வரை அவகாசம் வாங்கினார்கள். நோன்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முதல் ஒரு வாரம் அந்த மூன்று தெருக்களிலும் முந்தின நாளே டிரம்களில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் சஹர் சமைத்தார்கள். எபனேசர் ஆறு மணிக்குப் போய்த் திறந்தார். யாரும் ஏசவில்லை, யாரும் பேசவும் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் வேலைக்குப் போகப் பிடிக்காமல் போனது அந்த வாரம்தான் என்றார்.

இருபத்தைந்தாம் தேதி கையெழுத்தானது. நிரந்தர ஊழியர்களுக்கு எட்டு மணி நேரத் தொடர்வேலை நீடிக்கும். கொடை, அசனம், நோன்பு நாட்களில் மட்டும் முறைவைத்து இரண்டு பகுதியாக வேலை, நான்கு நாளுக்கு ஒரு நாள் ஈடுசெய் விடுப்பு. நேரமும் பெயரும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பன்னிரண்டு பேர் இதில் வரவில்லை; ஜனவரி உத்தரவில் சொன்ன நேரம்தான் அவர்களுக்கு. அவர்களுக்கு முதலாளி நகராட்சி அல்ல, தனியாக வழக்குப் போடட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒங்க ஏழு பேருக்குக் கெடச்சிட்டு, சந்தோசம்" என்றார் கிங்ஸ்லி. மதியங்களில் அவர் ஓட்டிவந்த ஆட்டோவை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். பன்னிரண்டு பேருடைய மனுவையும் எபனேசரே உட்கார்ந்து எழுதினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் ஞானம்பாளிடம் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார்.

நோன்பின் கடைசிப் பத்து நாள் எபனேசரின் முறை. மூன்றாம் நாள் பிற்பகல் மின்சாரம் போய், தொட்டி நிரம்பாமல், அந்த மூன்று தெருக்களுக்கும் தண்ணீர் நான்கு மணிக்குத்தான் வந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் அவருக்கு மெமோ காத்திருந்தது. அரை மணி நேரத் தாமதத்துக்கு விளக்கம் தர வேண்டும். புகார் கொடுத்தவர்: ஜுபைதா பீவி.

விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்பகல் வேலைக்குப் போனபோது ஜுபைதா பீவி வாசலில் நின்றார்.

"ராத்தா, எம்மேல புகார் குடுத்திருக்கிய."

"குடுத்தேன். மூணரைன்னு பலகையில ஒட்டிருக்கு. எம் மருமக போட்டோ எடுத்துட்டு வந்தா. நாலுக்குல்லா வந்திச்சு."

"கரண்டு இல்ல."

"அத அங்க எழுது. முன்னால நீ பிரியப்பட்டு வந்த. லேட்டானாலும் நான் வாயத் தொறக்க முடியாது. இப்பம் சம்பளத்துக்குத்தான வார?"

"சம்பளத்துக்குத்தான் வாரேன்."

"அப்பம் மூணரைக்கு வா."

எபனேசர் தெருமுனைக்குப் போய் இரும்பு மூடியைத் தூக்கினார். மூன்று இருபத்தெட்டு ஆகியிருந்தது. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, ஜுபைதா பீவி மருமகளின் கைப்பேசியை வாங்கி மணி பார்த்தார்.