பரிசு கொடுக்க மட்டும் வரச் சொன்னார்கள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வார்ப்புகளை அளந்து பார்த்து அனுப்புவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவேன். என் கணவர் ஆசையாக வாங்கி, இரண்டு தடவை வீசிப் பார்த்துவிட்டுப் பரண்மேல் போட்ட தூண்டில் ராடை ஒருநாள் நான் எடுத்துத் துடைத்தேன். அப்படித் தொடங்கிய பழக்கம். பொன்னேரிக்குக் கிழக்கே, ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கொடுவா மீன் கிடைக்கும். நீர் ஏறும் நேரத்தில் ரப்பர் மீனை வீசிச் சுற்றினால், கொடுவா வந்து அடிக்கும் அடி தோள்பட்டை வரை தெரியும். அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

இதே பைத்தியம் பிடித்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் சேர்ந்தபோது என் முகத்துக்குப் பதிலாக நான் பிடித்த ஒரு கொடுவாவின் படத்தை வைத்தேன். எல்லோரும் என்னை "ப்ரோ" என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. எந்த முடிச்சு நழுவாது, உப்புத் தண்ணீரில் போட்ட ரீலை எப்படிக் கழுவுவது என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது.

நமக்குள்ளே நட்பாக ஒரு கொடுவாப் போட்டி வைக்கலாம் என்று முதலில் எழுதியது நான்தான். குழுவை நடத்தும் சென்னைக்கார அட்மினும், காக்களூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியும் நானும் குழுவில் எழுதியே ஏற்பாடுகளைப் பிரித்துக்கொண்டோம். விதிமுறைகளை நான் எழுதினேன். மீனை எடை போட்டு வதைக்கக் கூடாது. ஈரப் பலகையில் வைத்து நீளம் அளந்து, படம் எடுத்து, உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மீனின் வாய் கிழியாதபடி, கொக்கியின் முள்ளை நசுக்கிவிட்டுத்தான் வர வேண்டும்.

முகத்துவாரத்தில் வலை போடுகிற ஊரில் கேட்காமல் இறங்குவது தவறு என்றும் நான்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். ஊர்த் தலைவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டவுன்காரனுங்க வருவானுங்க, பாட்டில ஒடச்சிப் போட்டுட்டுப் போயிகினே இருப்பானுங்க. எங்க புள்ளைங்க காலு கிழியும். உனக்கு இன்னாமா?"

"நானே கூட இருப்பேன் நைனா. ஒரு பாட்டில் வராது. கடைசி ஆள் கிளம்பற வரிக்கும் இங்கதான் நிப்பேன்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சரி. உன் வார்த்தைக்காகத்தான் உடறேன்."

மறுநாள் மாலை எல்லோரும் போனில் பேசிக்கொள்ள குழுவில் ஒரு அழைப்பு வைத்தார்கள். என் முறை வந்ததும், ஊரில் சம்மதம் வாங்கிய விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். மறுமுனையில் யாரோ ஒருவன் சிரித்தான்.

"ப்ரோ... நீங்க லேடியா?" என்றார் அட்மின்.

"ஆமா. அதுக்கு இன்னா?"

"இல்ல, சொல்லவே இல்லியே மேடம்."

அன்றிலிருந்து நான் மேடம். நான் எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஏற்பாட்டுக்கென்று தனியாக வேறொரு குழு தொடங்கி விட்டார்கள் என்று காக்களூர்த் தம்பிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் அதில் இருந்தான். நான் இல்லை.

அட்மினுக்கு போன் போட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வெயில்ல, சேத்துல, அத்தினி ஆம்பளைங்க நடுவுல உங்களுக்கு எதுக்குப் பேஜாரு? எல்லாம் உங்க சேப்டிக்குத்தான். பரிசு குடுக்கறப்ப வாங்க. நல்ல பட்டுப்பொடவையா கட்டிகினு வந்தீங்கனா போட்டோல சூப்பரா இருக்கும். அப்டியே பிரியாணி ஏற்பாட்டையும் நீங்க பாத்துக்கினா..."

"விதிமுறைய எழுதனது யாரு?"

"நீங்கதான். அத அப்டியே போட்டுக்கினோம் மேடம்."

"அப்ப நான் போட்டில நிக்கலாம் இல்ல?"

"இது ஜென்ட்ஸுக்கு மட்டும் மேடம். அடுத்த வருசம் லேடீஸுக்குத் தனியா வெக்கலாம்."

போனை வைத்தேன். அதே சேற்றில், அதே வெயிலில் எத்தனையோ ஞாயிறுகள் தனியாக நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் என் பாதுகாப்பைப் பற்றி எவன் கவலைப்பட்டான்? மறுநாள் வேலையில் வார்ப்புகளை மேசைமேல் வைத்த சத்தத்தில் பக்கத்துப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் சொன்னால், "உடு, ஒரு நாள் கூத்துதான?" என்றார் கணவர். அந்த "உடு"தான் என்னை இன்னும் எரித்தது.

அடுத்த நாளே மீனவர் ஊருக்குப் போனேன். "நைனா, நான் அன்னிக்கு இருக்க மாட்டேன். எனக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல. நான் குடுத்த வார்த்தைய நீங்க மறந்துடுங்க" என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன்.

அவர் பீடியைக் கீழே தேய்த்தார். "அப்ப அவனுங்க யாருன்னே எனக்குத் தெரியாதே."

அட்மின் அவரிடம் பேசிப் பார்த்திருக்கிறார். தலைவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பிறகுதான் எனக்கு போன் வந்தது.

"உங்கள மட்டும் ஸ்பெஷல் கேஸா சேத்துக்கறோம் மேடம். ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லுங்க."

"ஸ்பெஷல் கேஸா நான் வர மாட்டேன். எல்லாரையும் மாதிரி கூப்பிடு, வரேன்."

அவரால் அப்படிக் கூப்பிட முடியவில்லை. போட்டி நின்றது. ஒரு பொம்பளையின் திமிரால் எல்லாம் பாழாய்ப் போச்சு என்று குழுவில் எழுதினார்கள். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேனே, அவர்களேதான் எழுதினார்கள். நான் பதில் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் என்னை நீக்கி விட்டார்கள்.

அவர்கள் திட்டியதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தப் போட்டி நடக்க வேண்டும் என்று அவர்கள் எல்லோரையும்விட அதிகம் ஆசைப்பட்டவள் நான். என் கையாலேயே அதை நிறுத்த வைத்தார்களே, அதற்குத்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போட்டி நடந்திருக்க வேண்டிய ஞாயிறு காலை, ராடை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம். காக்களூர்த் தம்பி, கையில் நாஷ்டாப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"நான் அந்த குரூப்ப உட்டு வந்துட்டேன் அக்கா."

"எப்ப?"

"நேத்து."

"என்னத் தள்ளிட்டு அத ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னும் கோவமா?"

"ஆமா."

பொட்டலத்தைக் கல்மேல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் அவனும் ராடை விரித்தான். போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நீர் ஏறத் தொடங்கியிருந்தது. மணல் திட்டுக்கு அந்தப் பக்கமாக, என்னால் முடிந்த மட்டும் தூரமாக வீசினேன்.