மேரிராணி வீட்டு நீள டீபாய்

ஜெபதுரை அண்ணன் இறந்த பிறகு மேரிராணி அக்கா தன் வீட்டு ஹாலின் நடுவில் கால் வைப்பதில்லை. எதிர் வீட்டில் குடியிருக்கும் எனக்கு அது தெரியும். அவர் வீட்டுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். சமையலறையிலிருந்து வாசலுக்கு நேராக நாலு எட்டு வைத்தால் போதும். அக்கா அப்படி வரமாட்டார். டிவியைச் சுற்றி, ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு, சுவரோரமாகவே வருவார். நடுவில்தான் அண்ணனைக் கிடத்திய ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள்.

அவர்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அண்ணனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்தபோது இருவரும் ஓசூருக்கு வந்தார்கள், இங்கேயே வீடு கட்டினார்கள். ஒரே மகள் லிபியா கல்யாணமாகி எலகங்காவில் இருக்கிறாள். தூரம் பெரிதில்லை, ஆனால் பெங்களூரைக் கடந்து வர வேண்டும். அதனால் போனில்தான் வருவாள்.

அண்ணன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து குடும்பமாவது அந்த ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகும். இறந்த பிறகு வந்தவர்கள் கேட்டருகே நின்று பேசிவிட்டு நகர்ந்தார்கள். அக்கா உள்ளே கூப்பிடுவார். "இன்னொரு நாளைக்கு" என்பார்கள். அவர்கள் கண் ஒரு நொடி ஹாலின் நடுப்பக்கம் போய் வருவதை நான் எங்கள் படியில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன்.

அவர்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். அன்பியம் என்று அதற்குப் பேர். துக்க வீடு என்பதால் ஒரு வருஷம் அக்கா வீட்டு முறையைத் தள்ளிவைத்திருந்தார்கள். இப்போது முறை வந்துவிட்டது. அக்கா அதைச் சொல்ல என்னிடம் வந்தார்.

"நாலு பேரு வந்து உக்காந்து எழும்பிப் போனாத்தாம்ட்டி அது வீடு. இல்லாட்டி சும்மா நாலு செவரு" என்றார். "நடுவுல ஒண்ணுமில்லாம கெடக்குறதாலதான் எல்லாருக்கும் அதே நெனப்பு வருது. ஒரு நல்ல டீபாய் போட்டுட்டா சரியாப் போவும்."

புது டீபாய் வேண்டாம் என்றார். கடைச் சாமான் கடைச் சாமான் மாதிரிதான் இருக்கும், வீட்டில் ரொம்ப நாள் கிடந்த பொருள் மாதிரி ஒன்று வேண்டுமாம். எனக்கு வார லீவு வந்த நாளில் கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் சென்றாயன் கொட்டகைக்குப் போனோம். பெங்களூரில் இடிக்கிற பங்களாக்களிலிருந்தும் சிக்மகளூர் எஸ்டேட்டுகளிலிருந்தும் பழைய சாமான் எடுத்துவந்து விற்கிற ஆள். போனில் கன்னடம், உள்ளே பெண்டாட்டியிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

அக்கா ஒவ்வொரு டீபாயாகத் தடவிப் பார்த்தார். சென்றாயன் சிரித்தார். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுக்கா. பாலீசு யாரு வேணா போடலாம். கவுத்துப் போட்டுப் பாக்கணும்" என்று ஒன்றைத் தலைகீழாகப் புரட்டினார். அடிப்பக்கத்தில் கை ரம்பம் இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஆணிக்குப் பதில் மரக் குச்சி அடித்திருந்தது. நாலு காலும் சிங்கத்தின் பாதம் போல முடிந்தன. நிமிர்த்தினால் மேலே பிரம்புப் பின்னல், அதன்மேல் தடித்த கண்ணாடி.

அது நீளமான டீபாய். சென்றாயனே வேண்டாம் என்றார். "சின்ன ஹாலுக்கு இது எதுக்குக்கா? வட்டமா ஒண்ணு எடுத்துக்கோ. சுத்திலும் கால் போவ எடம் வேணும். அப்பத்தான் நாலு பேரு குந்துவாங்க."

அக்கா பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்து டீபாயின் மேல் பிடித்தார். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. "எனக்கு இந்த அளவுதான்" என்றார். எந்த இடத்தை அளந்தது அந்தக் கயிறு என்று நான் கேட்கவில்லை. டீபாயை விட்டு அவர் கை வரவே இல்லை. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

டீபாய் வந்து ஹாலின் நடுவில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அக்கா அதைச் சுற்றி நடந்தார், துடைத்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலில் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிட்டார். பிறகு லிபியா பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் கோப்பைகளை வைத்தார், கடை மாதிரி இருக்கிறது என்று எடுத்துவிட்டார். ஒரு நாள் அண்ணனின் போட்டோவை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அது அலமாரிக்குத் திரும்பிவிட்டது. கடைசியில் கண்ணாடிமேல் ஒன்றுமே இல்லாமல் பிரம்புப் பின்னல் மட்டும் தெரிந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அன்பியத்தன்று எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, காபி கொடுக்க உதவுகிறேன் என்று சொல்லியிருந்ததால் நேராக அங்கே போனேன். ஜெபக்காரர்களும் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் ஜோதியம்மாள் முன்னால் உள்ளே போனவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நான் எட்டிப் பார்த்தேன்.

டீபாயின்மேல் வெள்ளை லேஸ் துணி. அக்காவே பின்னியது. நாலு பக்கமும் தரை வரை தொங்கி, அந்த அழகான கால்களை மூடியிருந்தது. துணிக்கு மேலே அதே கண்ணாடி. ஒரு முனையில் மாதா சொரூபம், இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவர்த்தி. மற்ற இடமெல்லாம் வெள்ளை ரோஜா. மாதாவுக்கு வெள்ளைதான் என்று அக்கா பாகலூர் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி வரவழைத்திருந்தார். ஐஸ் பெட்டி இருந்த அதே இடம், அதே நீளம், அதே வாட்டம். ஆள் மட்டும்தான் உள்ளே இல்லை.

அக்காவுக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து ஒவ்வொன்றாக வைத்தவர் அவர். ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருந்தது. "வாங்க, உக்காருங்க" என்று பாயைக் காட்டினார்.

யாரும் உட்காரவில்லை. பெண்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜோதியம்மாள் புத்தகத்தைப் பிரித்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இறந்தவர்களுக்கான ஜெபம். இரண்டு வரி போனதும் நிறுத்தினார். நிறுத்தியது இன்னும் மோசமாகிவிட்டது. அப்புறம் எதையோ வேகமாகச் சொல்லி முடித்தார்கள். நான் தட்டில் கொண்டுபோன காபி யார் கையும் படாமல் ஆடை கட்டியது. ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

அக்கா தட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கடைசியாக டீபாயைப் பார்த்தார்.

"ரேவதி, ஒருத்தர்கூட போயிட்டு வாறேன்னு சொல்லலியே" என்றார்.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. கால் தானாகச் செய்தது. மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தேன். சொரூபத்தையும் பூவையும் எடுத்துவைத்து இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கினோம். அக்கா துணியை உருவி மடித்து வைத்தார்.

மறுநாள் நான் சென்றாயனுக்கு போன் போட்டேன். தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், வட்ட டீபாயோடு வண்டி அனுப்புகிறேன் என்றார். அக்கா மறுத்துவிட்டார். "பிடிச்சுத்தான வாங்கினேன். அது என்ன செஞ்சுது, பாவம்" என்றார். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. கதவும் பாதிதான் திறந்திருந்தது.

பனிக்காலம் வந்து அவரைக்காய் இறங்கியது. இந்தப் பக்கம் அந்த மாசமெல்லாம் எல்லா வீட்டிலும் அவரைக் குழம்புதான். கொட்டையை உரித்து, ஊறவைத்து, திரும்பத் தோலைப் பிதுக்க வேண்டும். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. அக்கா பழைய பேப்பரை டீபாய் முழுக்க விரித்து, ஒரு பை அவரைக்காயைக் கொட்டி, தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். தோலைத் தள்ள வசதியென்று கதவையும் திறந்து வைத்தார். சிங்கக் கால்களைச் சுற்றித் தோல் குவிந்தது.

அந்த வழியாகப் போன ஜோதியம்மாள் கேட்டருகே நின்று ஏதோ கேட்டார். பேச்சு நீண்டது. பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், யாரும் சொல்லாமலே குந்திக்கொண்டு ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். மருமகள் பிதுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் நசுக்கிவிடுகிறாள் என்றார். முட்டிவலி பற்றிச் சொன்னார். காபி கேட்டு வாங்கிக் குடித்து, டம்ளரைக் கண்ணாடிமேலேயே வைத்தார். பஸ் வருகிறதென்று அவர் அவசரமாக எழுந்து ஓடினார்.

அதன்பிறகு அக்கா வாரச் சந்தையில் அவரைக்காயைப் பெரிய பையாக வாங்கத் தொடங்கினார். கதவைத் திறந்துவைத்து நடு ஹாலில் உட்கார்ந்திருப்பார். சில நாள் கீரைக்காரி பாப்பம்மா வந்து உட்காருவார். சில நாள் யாரும் வருவதில்லை. அப்படிப்பட்ட நாளில் இருட்டுவதற்குள் அத்தனையையும் தானே உரித்துவிடுவார். ஒருத்திக்கு அவ்வளவு எதற்கு? பாதியை டப்பாவில் போட்டு என்னிடம் தருவார். நான் வாங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டிலும் பிரிட்ஜ் நிறைய அவரைக்கொட்டைதான் இருக்கிறது.